மகாராஜா வாயில் பச்சரிசி

வெகு காலத்துக்கு முன்னால் செவ்வந்திபுரத்தை மகுடசேகரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது; உண்மையில் அவருடைய கோபம்தான் ஆண்டது. காலையில் ஒருவனைக் கட்டித் தழுவுவார். மத்தியானம் அவனையே கட்டிவைத்து உதைக்கச் சொல்வார். சாயங்காலம், "அவன் ஏன் நொண்டுகிறான்?" என்று கவலையோடு விசாரிப்பார்.

அவருக்கு உயிருக்கு உயிராக ஒரு மைனா இருந்தது. "மகாராஜா மீசை அழகு!" என்று நாளெல்லாம் கத்தும். பிடிக்காமல் போகுமா? அதைப் பார்த்துக்கொண்டவள் சிலம்பாயி. மந்திரி திருமேனியார் சிபாரிசில் வேலைக்கு வந்தவள். அரண்மனைப் புலவர் அகோரமூர்த்திக்கு அதுவே வயிற்றெரிச்சல். மந்திரி தும்மினால்கூட அவருக்கு எரியும்.

ஒரு நாள் காலை கூண்டு திறந்து கிடந்தது. மைனாவைக் காணோம்.

"கூண்டைத் திறந்த கையை வெட்டுங்கள்!" என்று ராஜா குதித்தார்.

"எந்தக் கை என்று நான் கண்டுபிடித்துத் தருகிறேன், பிரபு" என்று அகோரமூர்த்தி முன்னால் வந்தார். "ஒரு பிடி பச்சரிசியை மென்று இலையில் துப்பச் சொல்லுங்கள். நிரபராதியின் வாயில் அது கூழாகும். குற்றவாளியின் வாயில் காய்ந்த மாவாகவே நிற்கும். இதோ!" தானே மென்று துப்பிக் காட்டினார். நல்ல கூழ்.

சிலம்பாயியை இழுத்து வந்தார்கள். இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள். எதிரே வெட்டுக்கத்தியோடு ஒரு தடியன். பாவம், அவளும் மென்றாள், மென்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். இலையில் விழுந்தது வெறும் மாவு. ஊதினால் பறந்துவிடும்.

"பார்த்தீர்களா!" என்றார் அகோரமூர்த்தி, மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

தடியன் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான். திருமேனியார் எழுந்தார். "பிரபு, ஒரு விண்ணப்பம். இவ்வளவு அருமையான சோதனையை ஒருத்தியோடு நிறுத்துவானேன்? தாங்கள் உட்பட சபையில் எல்லாரும் மென்று பார்க்கலாமே. நடுவில் நான் என்ன சொன்னாலும் என் தலைக்கு மட்டும் ஆபத்து வரக்கூடாது."

புதிதாக எதைச் சொன்னாலும் ராஜாவுக்குக் கொண்டாட்டம். "வாக்குத் தந்தேன். கொண்டு வா அரிசியை!"

சபை முழுவதும் நறநறவென்று மென்றது. எல்லார் வாயும் நிறைந்திருந்த நேரம் பார்த்து மந்திரி குரலைத் தாழ்த்தினார்.

"பிரபு, அசையாதீர்கள். சிம்மாசனத்துக்கு அடியில் நல்ல பாம்பு. தங்கள் இடது காலருகே படம் எடுக்கிறது."

அசையாமல் இருப்பதா? ராஜா இரண்டு காலையும் தூக்கி மெத்தைமேல் குந்திக்கொண்டார். சேனாதிபதி தூணைக் கட்டிக்கொண்டார். அகோரமூர்த்தி எப்படிப் போனார் என்றே தெரியவில்லை, வெட்டுக்கத்திக்காரன் தோள்மேல் இருந்தார்.

"பயம் வேண்டாம், பாம்பு இல்லை. இப்போது எல்லாரும் துப்புங்கள்" என்றார் மந்திரி.

துப்பினார்கள். இலைக்கு இலை வெள்ளை மாவு. ராஜாவின் மீசையிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அடடா! சபையே சேர்ந்தா கூண்டைத் திறந்துவிட்டது?" என்று மந்திரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"விளையாடுகிறீரா?" என்று ராஜா உறுமினார். "பாம்பு என்று சொன்னீரே!"

"இல்லாத பாம்புதான், பிரபு. ஆனால் தங்கள் உடம்புக்கு அது தெரியுமா? பயம் வந்ததும் உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். ஓடுகிற நேரத்தில் சாப்பாடு எதற்கு? அதனால் வாயில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். கத்தியைப் பார்த்தால் தப்புச் செய்யாதவளுக்கும் அப்படித்தான். துணிந்து பொய் சொல்கிறவனுக்கோ தாராளமாக ஊறும்."

அகோரமூர்த்தி மெதுவாகத் தோளிலிருந்து இறங்கினார்.

மந்திரி காலிக் கூண்டை எடுத்துவரச் சொன்னார். "இதற்குள் கொய்யா விதை கிடக்கிறது. சிலம்பாயி, மைனாவுக்கு நீ என்ன போடுவாய்?"

"ஊறவச்ச கடலையும் வாழைப்பழமுங்க. கொய்யாவுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? அது மகாராசா தட்டுக்கு மட்டுந்தானே வரும்!"

ராஜா உதட்டை நக்கினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"திருமேனியாரே, இப்போது பாம்பு என்று யாரும் சொல்லவில்லையே?"

"இல்லை, பிரபு."

"பிறகு ஏன் என் வாய் மறுபடியும் காய்கிறது?"

ராஜாவே பதிலும் சொன்னார். "விடிந்ததும் அதற்குக் கொய்யாப்பழம் ஊட்டியது நான்தான். கூண்டைச் சாத்த மறந்திருக்கிறேன். அகோரமூர்த்தியாரே, நீர் அப்போது பக்கத்தில் நின்று என்மேல் வெண்பா பாடிக்கொண்டிருந்தீரே! எல்லாம் தெரிந்தும் இவள் கையையா வெட்டப் பார்த்தீர்?"

புலவர் சேனாதிபதியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து வலது கையை நீட்டினார். "கூண்டைத் திறந்த கை இது. தீர்ப்புச் சொன்னதும் நான். வெட்டு." கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த ஆளிடம் ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் இந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

சிலம்பாயி குறுக்கே பாய்ந்தாள்.

"வேணாஞ் சாமி! கையை எடுத்துட்டா தாழ்ப்பாள் போட எப்பப் பழகுறது?"

ராஜா ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், மீசை மாவெல்லாம் உதிர்ந்தது. சபையும் மூச்சு விட்டுச் சிரித்தது. ராஜா மந்திரிக்குத் தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டார். மிச்சப் பச்சரிசி ஒரு மரக்கால் இருந்தது. அத்தனையையும் மென்று தீர்க்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அகோரமூர்த்தியை உட்கார வைத்தார்கள்.

மறுநாள் சபை கூடவில்லை. ராஜா காலிக் கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாழ்ப்பாளைத் திறப்பதும் போடுவதுமாக இருந்தார். சிலம்பாயி இடுப்பில் கை வைத்து நின்று, "சரியா விழலை, சாமி. இன்னொரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.