கோரையை மிரட்டிய முயல்

குளக்கரையில் ஒரு புங்கமரம். அதன் அடர்ந்த நிழலில் வல்லாரை பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்தது. மிளகன் என்ற முயலுக்கும், அவன் மனைவி குந்துமணிக்கும், குட்டிகளுக்கும் அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு.

நிழலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் முயல்கள் தின்னாத கோரைப்புல். முயலின் தலைக்கு மேல் மதமதவென்று வளர்ந்து நின்றது. மரத்தடியில் மட்டும் வெளுத்துப்போய், நோஞ்சானாய், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டும். மிளகன் தினமும் காலையில் அதன் நுனியைக் கடித்துத் துப்புவான். பிறகு மீசையை முறுக்குவான்.

“பார்த்தியா குந்துமணி! என் பல்லைக் கண்டாலே கோரைக்குக் குலை நடுங்குது!”

மரத்தின் மேலிருந்த காக்கை விழுந்து விழுந்து சிரித்தது.

“அட கூமுட்டை! வெயில் படாம அது சவலையாக் கிடக்கு. மரம் செய்யுற வேலைக்கு நீ மீசை முறுக்குறியா?”

சொன்னதோடு விடவில்லை. மிளகனின் நடுமண்டையில் எச்சமும் போட்டது.

மிளகனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே யானையிடம் ஓடினான்.

“யானையக்கா! அந்தப் புங்கமரத்தைச் சாய்ச்சுடுங்க! காக்காவோட திமிர் அடங்கணும்!”

“நிழல் போயிடுமேடா?”

“போகட்டுமே! கோரையைப் பார்த்துக்க நான் இருக்கேன்!”

யானைக்கும் அன்று முதுகு அரித்தது. மரத்தில் சாய்ந்து நன்றாகத் தேய்த்தது. மரம் மடமடவென்று விழுந்தது. அதைக் குளத்துக்குள் தள்ளிவிட்டு யானை தன் வழியே போய்விட்டது. காக்கையோ பறந்துபோய் அடுத்த மரத்தில் உட்கார்ந்துகொண்டது. இறக்கை இருந்தால் என்ன கவலை!

வெயில் சுள்ளென்று இறங்கியது. வல்லாரை சுருண்டு கருகியது. கோரைக்கோ கொண்டாட்டம்! மண்ணுக்குள் கிழங்கு வைத்து, கிழங்குக்குக் கிழங்கு முளைவிட்டுக் கிளம்பியது. மிளகன் கடித்தான், கடித்தான், பல் கூசும்வரை கடித்தான். கடித்த இடத்தில் மறுநாளே பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது.

குட்டிகள் பசியில் அழுதன. மிளகனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குந்துமணி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏங்க, உங்களைக் கண்டா கோரைக்குக் குலை நடுங்கும்னீங்களே! கொஞ்சம் போய் மிரட்டிட்டு வாங்க! பிள்ளைங்க சாப்பிடணும்!”

அடுத்த மரத்துக் காக்கை மறுபடியும் மிளகனின் மண்டையைக் குறிபார்த்தது.

மரம் தந்த நிழலைத் தன் வீரம் என்று பீற்றிக்கொள்கிறவனின் வண்டவாளம், வெயில் அடித்ததுமே தண்டவாளம் ஏறிவிடும்.