பரஸ்தானம் வைத்த பெட்டி

என் மனைவி ஆவுடையம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஒரு சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கயிறு வெள்ளையாப் பாத்து வாங்கிட்டு வாங்க. பச்சைக் கயிறு வேண்டாம். தக்காளிக் கூடை மாதிரி இருக்கும்" என்றாள்.

"ஊட்டியில நம்ம பெட்டியை யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா."

கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப அரைமணி நேரம் ஆனது. வெள்ளைக் கயிறுதான் வாங்கியிருந்தேன். குத்தாலிங்கம் ஐயா தன் வீட்டுத் தெருவாசலில் நின்றுகொண்டிருந்தார். யார் வந்தாலும் இருந்த இடத்திலிருந்தே "உள்ள வாரும்" என்று குரல் கொடுப்பவர் அவர். வாசலுக்கு வந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஐயா திருநெல்வேலியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் அவர் வீட்டு முன்னறையில் கூடுவோம். கேள்வி கேட்போம். சில நாள் பதில் சொல்வார். சில நாள் காபி மட்டும் தருவார். யாராவது அவரை குரு என்று சொல்லிவிட்டால், "குருப்பெயர்ச்சிக்கு இன்னும் நாள் கிடக்கு வே" என்பார்.

ஊட்டிக்குப் போக முடிவான பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஐயா, பெட்டியில எதை வைக்கணும், எதை விடணும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"வீட்டுல என்ன சொல்லுதாக?"

ஆவுடை சொன்னதை அப்படியே சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். அதுவரை நாங்கள் காரணமில்லாமல் ஊருக்குப் போனதில்லை. கல்யாண வீடு என்றால் பட்டுச்சேலை. சாவு விழுந்த துட்டி வீடு என்றால் மாற்றுச்சேலை ஒன்று. ஆஸ்பத்திரி என்றால் பிளாஸ்க், போர்வை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைப்பாள். இது நான்கு நாள், ஊட்டி, நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெறும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதுக்குப் போறோம்னு தெரிஞ்சாத்தான எதை எடுக்கணும்னு தெரியும்?" என்றாள்.

ஐயா கேட்டார். "எத்தனை பெட்டி?"

"ஒன்னு."

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேரும் சேந்து அடுக்குங்க. ஒருத்தர் வச்சதை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்படி அடுக்கினா பெட்டி மூடாதே ஐயா."

"மூடலைன்னா இங்க கொண்டு வாரும்."

அன்றைக்கு அதற்குமேல் காபிதான் வந்தது.

நான் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன். முதலில் ஸ்பானர் செட்டை எடுத்து வைத்தேன்.

"ஊட்டியில மோட்டார் ரிப்பேரா?" என்றாள் ஆவுடை.

"லாட்ஜுல குழாய் ஒழுகினா?"

"ஒழுகட்டும். நாலு நாளைக்கு எவன் வீட்டுக் குழாயோ ஒழுகினா உங்களுக்கு என்ன?"

ஆனாலும் எடுக்கவில்லை. ஐயா சொல் அவளுக்கும் சொல்தான். டார்ச் லைட் வைத்தேன். மெழுகுவத்தி ஒரு கட்டு. பெரிய குடை. இரவல் வாங்கிய கம்பளிச் சட்டைகள் மூன்று. பழைய செய்தித்தாள் ஒரு அடுக்கு.

"மூணு கம்பளி எதுக்கு? நீங்க ஒரு ஆளுதான?"

"ஒன்னு நனைஞ்சா?"

"மிச்சம் ரெண்டையும் போட்டுக்கிட்டு நனைஞ்சதைக் காய வைப்பிய போல."

அவள் ஒரு பொட்டலத்தை வைத்தாள். தொட்டுப் பார்த்தேன். கோலப்பொடி.

"லாட்ஜ் வாசல்லயா கோலம் போடப் போற?"

"ரூம் வாசல்ல. நாலு புள்ளி. சின்னதா."

"நாலு புள்ளிக்கு அரைக்கிலோ பொடியா?"

"உங்க ஸ்பானர் ஏழு இருக்கு. ஊட்டியில எத்தனை நட்டைக் கழட்டப் போறிய?"

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இப்படியே போனது. இருபத்தேழு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. பெட்டி நிறைய நிறையச் சண்டையும் நிறைந்தது. ஒருவர் வைத்ததை ஒருவர் எடுக்கவில்லை.

புதன்கிழமை மாலையில் ரயில். காலண்டரில் பார்த்துவிட்டு, சாயங்காலம் நேரம் சரியில்லை, காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரைதான் நல்ல நேரம் என்றாள். அதனால் பெட்டியை மட்டும் காலையிலேயே பரஸ்தானம் வைத்துவிட முடிவு செய்தாள். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பினால் ஆளும் கிளம்பியது மாதிரி. பிறகு அங்கே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போக வேண்டும். வைத்த பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

"எந்த வீட்டுல வைக்க?" என்று கேட்டேன்.

"குத்தாலிங்கம் அண்ணாச்சி வீட்டுலதான். மூடலைன்னா கொண்டு வரச் சொன்னாவல்லா. மூடாது."

அன்று காலை நான் குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, அவள் எதையோ ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டியின் மூலையில் திணித்தாள். துண்டு ஈரமாக இருந்தது.

"அது என்ன?"

"வச்சதை எடுக்கக் கூடாதுன்னுதான அண்ணாச்சி சொன்னாவ? கேக்கலாம்னு சொல்லலையே" என்று சிரித்துவிட்டுச் சேலை மாற்ற உள்ளே போனாள்.

நான் அதை அழுத்திப் பார்த்தேன். கனமான பலகை. சமையலறையில் அவள் காய் நறுக்குகிற அரிவாள்மணை என்று நினைத்தேன். அரிவாளை மடக்கி வைத்துச் சுற்றியிருக்கிறாள். ஊட்டிக்குப் போயும் லாட்ஜ் அறையில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள். எனக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. நான்கு நாளாவது இவள் அடுக்களை இல்லாமல் இருக்கட்டும் என்று, துண்டைப் பிரிக்காமலே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அப்போதும் பெட்டி மூடவில்லை. அவள் வந்து மேலே உட்கார்ந்தாள். நான் இரண்டு பூட்டையும் அழுத்தினேன். ஒருவழியாக மூடிக்கொண்டது. ஆட்டோவில் கொண்டுபோய் ஐயா வீட்டு முன்னறையில் இறக்கியபோது, ஒரு பூட்டு படாரென்று தெறித்துத் திறந்துகொண்டது.

ஐயா பெட்டியைப் பார்த்தார். "மூடலைன்னா கொண்டு வாரும்னேன். கொண்டு வந்துட்டீர்."

"அண்ணாச்சி, இவுக ஸ்பானரை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. தன்னால மூடிக்கிடும்" என்றாள் ஆவுடை.

"நீ வச்சதை அவரு எடுக்கலைல்லா. அவரு வச்சதை எடுக்க நான் யாரு தாயி?"

நான் தெறித்த பூட்டைத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். ஆவுடை மறுபடியும் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நான் கயிறு வாங்கப் போனேன்.

"தண்ணி கேட்டா. கொண்டு வரதுக்குள்ள சாஞ்சுட்டா" என்று பிறகு ஐயா சொன்னார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் விடிந்ததும் மகள் ஓசூருக்குத் திரும்பினாள். வீடு நிறைய ஆள் இருந்த நாட்களில் நான் பின்பக்கக் குழாயடியில், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து குளித்தேன். மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, முதல் தடவையாகக் குளியலறைக்குள் போனேன். மணையைக் காணவில்லை.

என் வலது முழங்கால் மடங்காது. நின்று குளித்தால் தலை சுற்றும். அதற்காகச் சாண் உயரத்தில் ஒரு மர மணை எப்போதும் அங்கே கிடக்கும். பக்கெட்டுக்குப் பின்னால் தேடினேன். கதவுக்குப் பின்னால் தேடினேன். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

துண்டு காய்ந்து விறைத்துப் போயிருந்தது. உள்ளே என் குளியல் மணை இருந்தது.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அரிவாள்மணை அதன் இடத்தில் சாய்ந்து நின்றது.

மணையை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். பெட்டி அதே இடத்தில் இருந்தது. வெள்ளைக் கயிற்றால் கட்டியிருந்தது. ஐயாதான் கட்டியிருக்க வேண்டும்.

"பெட்டியைத் திறக்கணும் ஐயா."

"எதுக்கு வே?"

"நீங்க சொன்னதை நான் மீறிட்டேன். அவ வச்சதுல ஒன்னை எடுத்துட்டேன். திரும்ப அதுல வச்சிரணும்."

நடந்ததைச் சொன்னேன். பையிலிருந்து மணையை எடுத்துக் காட்டினேன். ஐயா அதைக் கையில் வாங்காமல் பார்த்தார்.

"அதை எடுத்தப்புறம் பெட்டி மூடிச்சா?"

"இல்லை."

கயிற்றை அவரே அவிழ்த்தார். "முதல்ல நீர் வச்சதையெல்லாம் எடும்" என்றார்.

ஸ்பானர் செட்டை எடுத்தேன். டார்ச், மெழுகுவத்தி, குடை. செய்தித்தாள் அடுக்கு. மூன்று கம்பளிச் சட்டை. எல்லாம் தரையில் ஒரு குவியலாக ஆனது. அடியில் என்னுடைய நீலச் சட்டை மடித்து இருந்தது. அதற்கும் கையை நீட்டினேன்.

"அது யாரு வச்சது?"

"என் சட்டை ஐயா."

"யாரு வச்சது?"

"அவ."

"அப்ப இருக்கட்டும்."

நீலச் சட்டைக்குக் கீழே என் வேட்டிகள் இரண்டு. முழங்கால் தைலம். நான் காலையில் போடுகிற மாத்திரை, நாளுக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்து நான்கு பொட்டலம். எனக்குச் சளி பிடித்தால் போடுகிற சுக்குப்பொடி. மூலையில் அவளுடைய சேலை இரண்டு, கோலப்பொடி. அவளுக்கென்று வைத்தது அவ்வளவுதான்.

மூடியை இறக்கினேன். ஒரு கையாலேயே மூடிக்கொண்டது. அன்று தெறித்த பூட்டு கூடத் தானாகப் பூட்டிக்கொண்டது.



"இடம் இருக்கு ஐயா. மணையை வச்சிருதேன்" என்று மறுபடியும் திறந்தேன்.

"இப்ப வைக்கிறது யாரு?"

"நான்தான்."

"அப்ப அது நீர் வச்சதா ஆயிரும். அவ வச்சது ஆகாது."

"அவ வச்சதுதான ஐயா? நான் எடுத்தேன். நானே வைக்கேன். அவ்வளவுதான?"

"அவ புதன்கிழமை வச்சா. நீர் புதன்கிழமை எடுத்தீர். அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு வே."

"நான் காய் நறுக்குறதுன்னு நினைச்சேன் ஐயா. அவ நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

"அவளும் உம்ம நல்லதுக்குத்தான் வச்சா. ரெண்டு பேரும் சொல்லிக்கிடலை."

எனக்கு அழுகை வந்தது. பதினாறு நாளில் வராத அழுகை. ஐயா பெட்டியை மூடி, கயிற்றைப் பழையபடி சுற்றிக் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார். நான் மணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"பெட்டி வீட்டுக்கு வரக் கூடாது. இது பெட்டிக்குள்ள போகக் கூடாது. அப்ப இதை நான் என்ன செய்ய ஐயா?"

"காலையில குளிச்சீரா?"

"இல்லை. இது இல்லாம எப்படி..."

"போயி அதுல உக்காந்து குளியும்" என்றார் ஐயா.

அதற்குப் பிறகு தினமும் உட்கார்ந்ததில் மணையின் ஒரு கால் தேய்ந்து ஆடத் தொடங்கியது. அடியில் மோட்டார் வாஷர் ஒன்றை வைத்து அடித்திருக்கிறேன்.