நெட்டைக் கன்று

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கரட்டுக் குன்று, கல்லும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்தது. முள்ளை வெட்டியெறிந்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய உசிலை மரத்தை மறுபடி வளர்க்கக் கிளம்பினார்கள் அடிவாரத்துப் பள்ளிப் பிள்ளைகள். அடுத்த வருடம் யார் கன்று உயரமோ, அவர்தான் அடுத்த நடவுக்குத் தலைவர் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள்.

தவமணி டீச்சர் ஆளுக்கொரு கன்றைக் கையில் கொடுத்தார். சங்கவிக்கு வந்தது சாண் உயரக் குச்சி. பக்கத்துக் குழி ஒச்சம்மாவுக்கோ முழ உயரத்தில் தளதளவென்று ஒன்று.

சங்கவிக்கு வயிறு எரிந்தது. முதல் மார்க் ஒச்சம்மாவுக்கு, பாட்டுப்போட்டியில் கோப்பையும் அவளுக்கு. கன்றுமா?

ஒச்சம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சங்கவி இரண்டு கன்றையும் மாற்றி வைத்துவிட்டாள். திரும்பி வந்த ஒச்சம்மா ஒரு கணம் குழியைப் பார்த்தாள். பிறகு அங்கே இருந்த குச்சியையே நட்டாள்.

வருடம் ஓடியது. சங்கவி குடம் குடமாக ஊற்றியும் நெட்டைக் கன்று விரற்கடைகூட ஏறவில்லை. ஒச்சம்மாவுடையது இடுப்புக்கு வந்துவிட்டது. தலைவியும் அவளே என்றார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

சங்கவி டீச்சரைக் கரட்டுக்கே இழுத்து வந்தாள்.

"ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா டீச்சர்? அவளுக்கு மட்டும் நல்லதா குடுத்திருக்கீங்க!"

டீச்சர் குனிந்து, வாடி நின்ற சங்கவியின் கன்றை ஒரு கையால் இழுத்தார். சிரமமில்லாமல் வந்துவிட்டது. அடியில் வேர் சும்மாடு மாதிரி சுருண்டிருந்தது.

"இது பைக்குள்ளேயே ரொம்ப நாள் கெடந்த கன்னு. வேர் எறங்க எடமில்லாம சுத்திக்கிச்சு. அதை நறுக்கிவிட்டு நடணும். இல்லேன்னா மேல தளதளன்னு இருக்கும், மண்ணைப் பிடிக்காது."

சங்கவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரிஞ்சுமா இதை எனக்குக் குடுத்தீங்க?"

"உனக்கா?" என்றார் டீச்சர். "நர்சரிக்காரர் மக, வேரை நறுக்கி நடத் தெரிஞ்சவன்னு இதை ஒச்சம்மாகிட்டல்ல குடுத்தேன். உனக்குக் குடுத்தது அந்தா, இடுப்பு உயரத்துக்கு நிக்குது பாரு."