ஜெபராணி சிஸ்டருக்கு எந்தத் திரை?

"நர்ஸா, அம்மாவா? நான் எதைத்தான் எடுத்துக்கிடுதது, டீச்சர்?"

செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக நயினார் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

உலகம்மாள் டீச்சர் லேசில் பதில் சொல்கிற ஆள் இல்லை. கேட்டவர் மண்டை காய்ந்தால்தான் அவருக்குத் திருப்தி. நயினாரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் கணினிக்கு உலகத்தைப் புரியவைக்கிற வித்தை வேண்டுமென்றால் தென்காசிப் பக்கம் எல்லாரும் இவர் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

"நடந்ததைச் சொல்லுங்க, அண்ணாச்சி."

நயினார் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் செய்த திரை ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால், வந்தவருக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும். டாக்டருக்கு எண்கள். நோயாளிக்குப் படமும் நாலு எளிய வார்த்தையும். யார் யார், யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு எது புரியும் என்பதையெல்லாம் ஒரு வரைபடமாக்கி அதற்குள் வைத்திருந்தார். மூன்று வருஷ உழைப்பு. ஊரில் அவருக்கென்று ஒரு பெயர் உண்டென்றால் அது இந்தத் திரையால்தான்.

அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிற ஜெபராணி சிஸ்டரின் மகன் காய்ச்சலோடு அங்கேயே படுத்திருந்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று பார்க்க சிஸ்டர் அட்டையைக் காட்டினார். திரை அவரை நர்ஸாக எடுத்துக்கொண்டது. எண்களைக் காட்டி, கீழே நோயின் பெயரையும் சிவப்பில் காட்டிவிட்டது. ரத்தப் புற்றுநோய்.

"டாக்டர் வாயைத் திறக்கதுக்கு முன்னாடி என் திரை சொல்லிருச்சு, டீச்சர். பையனுக்கு வைத்தியம் ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா சிஸ்டர் அதுக்கப்புறம் அந்த வராந்தாப் பக்கமே வரலியாம். திரையை வைக்கவா, கழட்டவான்னு பெரிய டாக்டர் இன்னைக்கு முடிவு பண்ணுதாரு."

"சிஸ்டரைப் போய்ப் பாத்தீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"உங்க வரைபடத்துல அவங்க அம்மான்னு இருக்கா?"

"இருக்கு. நர்ஸுன்னும் இருக்கு. ரெண்டும் உண்மை. அங்கதான் குழம்பிப்போய் நிக்கேன். 'நர்ஸ் அம்மா'ன்னு புதுசா ஒரு வகையே சேத்துட்டேன்."

"கம்பவுண்டரே அப்பாவா இருந்தா?"

நயினார் மடிக்கணினியைத் திறந்து அதையும் சேர்த்தார்.

"டாக்டரே நோயாளியா வந்து படுத்தா?"

சேர்த்தார்.

"தங்கச்சி பிள்ளையைத் தம் பிள்ளையா வளக்குற சிஸ்டர்?"

கை நின்றுவிட்டது. வரைபடம் பூனை உருட்டிய நூல்கண்டு மாதிரி ஆகியிருந்தது. எது எங்கே தொடங்குகிறது என்று செய்தவருக்கே தெரியவில்லை. இந்தம்மா நம்மளைக் கிறுக்காக்காம விடமாட்டாவ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

"சரி, வகையெல்லாம் கிடக்கட்டும்," என்றார் டீச்சர். "அம்மாமாருக்குன்னு ஒரு திரை வச்சிருக்கீங்கள்லா? இதே முடிவை அதுல காட்டுங்க."

நயினார் காட்டினார். இளம்பச்சை நிறம், பெரிய எழுத்து. எண் ஒன்றுகூட இல்லை. டீச்சர் வாய்விட்டு வாசித்தார்.

"உங்கள் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பதாகத் தெரிகிறது. கவலை வேண்டாம். மருத்துவரைச் சந்திக்கவும்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பச் சரியாயிட்டா, அண்ணாச்சி?"

நயினார் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை வாசித்தார். நர்ஸுக்கான திரை தப்பு. அம்மாவுக்கான திரையும் தப்பு. மூன்றாவதாக ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ யாருன்னு எடுத்தாலும் தப்புதானா? எனக்கு ஒரு எழவும் விளங்கல. நீங்களே சொல்லிருங்க, டீச்சர். கும்பிட்டுக் கேக்கேன்."

டீச்சர் வாயைத் திறக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. பெரிய டாக்டர்தான். நயினாரைச் சிபாரிசு செய்தவர் டீச்சர் என்பதால் நேரே அவரையே கூப்பிட்டிருந்தார்.

"ம்... ம்... சரிங்க டாக்டர். நானே சொல்லிக்கிடுதேன்."

போனை வைத்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன சொன்னாரு?"

டீச்சர் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். மடிக்கணினியை மூடித் தள்ளி வைத்தார். பாடம் சொல்லும்போதெல்லாம் மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவர், தன் நாற்காலியைத் தூக்கிவந்து நயினாருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணியக் குடிங்க, அண்ணாச்சி."

நயினார் குடித்தார். அதிலேயே பாதி புரிந்துபோனது.

"கழட்டச் சொல்லிட்டாவ," என்றார் டீச்சர்.

நயினாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வயசில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை. டீச்சர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. வெளியே ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

வெகு நேரம் கழித்துக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார் நயினார். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சிஸ்டர் நின்னுக்கிட்டேதான் அதைப் படிச்சிருக்காவ, டீச்சர். பக்கத்துல இப்படி உக்கார யாருமே இல்ல."