கொண்டையன் பீடியை விட்ட கதை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு நாவல் மரம். மரத்தின் மேல் கொண்டையன் என்ற கருங்குரங்கு வாழ்ந்தான். மரத்தடியில் ஒரு மான் கூட்டம் மேய்ந்தது.

இரு தரப்புக்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. குரங்குக்குக் கண் கூர்மை, மானுக்கு மூக்கு கூர்மை. சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், கொண்டையன் மேலிருந்து கத்துவான். வாடை அடித்தால் மான்கள் முன்னங்காலால் தரையைத் தட்டும். இரண்டில் எது நடந்தாலும் எல்லோரும் தப்பிவிடுவார்கள். அதனால் கொண்டையனைச் சின்னது பெரியது எல்லாம் 'அண்ணே' என்றே கூப்பிட்டன. அவனுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வழியில் இளைப்பாறுவார்கள். போகும்போது பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் மறந்து வைத்துவிடுவார்கள். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஒருநாள் நரி வந்தது.

"நாள் பூரா காவல் காக்குறீங்க, அலுப்பா இருக்காதா? ஒண்ணு இழுத்துப் பாருங்கண்ணே! சும்மாதானே தர்றேன்!"

கொண்டையன் இழுத்தான். இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது. வேண்டாம் என்று உடம்பே சொன்ன பிறகும், கெட்டிக்காரனாயிற்றே, மறுபடி இழுத்தான்.

அப்புறமென்ன? மரத்தடி முழுக்கப் பீடித் துண்டு. காற்று முழுக்கப் புகை. மலையில் எதிரொலித்த குரல் கீறல் விழுந்த புல்லாங்குழல் ஆனது. காலை முதல் மாலை வரை லொக்கு, லொக்கு!

விட்டுவிட வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு அமாவாசைக்கும் தவறாமல் விட்டான். விடுவதென்றால் சும்மா இல்லை, விழா! மான்கள் இலந்தைப் பழம் கொண்டுவரும். மயில் ஆடும். கொண்டையன் உச்சிக் கிளையில் ஏறி, நெஞ்சில் கை வைத்து முழங்குவான்.

"இன்றோடு பீடிக்கும் எனக்கும் உறவு அறுந்தது! இது என் குலத்தின் மேல் ஆணை!"

மான்கள் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்யும். பழமெல்லாம் தீர்ந்த பிறகு, அவ்வளவு நேரம் பேசிய களைப்புத் தீர அவனுக்கு ஒரு பீடி தேவைப்படும். "இதுதான் கடைசி" என்று பற்றவைப்பான். பொழுது சாய்வதற்குள் கடைசிப் பீடியே ஒரு கட்டு காலியாகியிருக்கும்.

புத்தி சொல்லவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கரடியார் தேன்கூட்டுக்குள் மூக்கை விட்டபடியே சொன்னார்: "மனசுல உறுதி வேணும்பா! நாக்கைக் கட்டணும்!" சொல்லிவிட்டு அடுத்த தேன்கூட்டைத் தேடிப் போனார். மயில், "உன் பல்லு இருக்கிற லட்சணத்தைப் பாரு, சீ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொரு புத்திமதிக்குப் பிறகும் மனம் ஆற கொண்டையனுக்கு இன்னொரு பீடி வேண்டியிருந்தது.

ஒரு மதியம் கோரைப்புல் அசைந்தது. கொண்டையன் எட்டிப் பார்த்தான். சிறுத்தை! பதறிப்போய் வாயைத் திறந்தான்.

"லொக்கு! லொக்கு!"

மான்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அண்ணன் இருமுகிறார், தினமும் நடப்பதுதானே? புகை மண்டியிருந்ததால் வாடையும் ஏறவில்லை. சிறுத்தை பாய்ந்தது. புள்ளியாள் என்ற பெண்மானின் குட்டி சிட்டு, குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சிறுத்தையின் நகம் அதன் பின்தொடையைக் கிழித்தது. நல்லவேளை, சேற்றில் சிறுத்தையின் கால் வழுக்கியது. சிட்டு எப்படியோ தப்பியது. ஆனால் அன்றிலிருந்து நொண்டியது.

கொண்டையன் உச்சிக் கிளையில் ஏறினான். "இனிமேல் சத்தியமாக..." என்று தொடங்கினான்.

"இன்னிக்குப் பழம் கொண்டுவரலப்பா" என்று ஒரு கிழட்டு மான் சொல்லிவிட்டு மேயப் போனது. மற்றவையும் கூடவே போயின. கொண்டையன் தனியாக உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

அப்போது புள்ளியாள் வந்தாள். கண்டபடி திட்டப் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரலண்ணே" என்றாள் அவள். "ஆனா நீங்க கத்தலைன்னா நாளைக்கு என் குட்டி உயிரோட இருக்காது. அதான் கேக்குறேன். சபதம் வேணாம், விழா வேணாம். இந்த ஆசை உங்களுக்கு எப்ப எப்ப வருது?"

இத்தனை நாளில் யாருமே அவனிடம் இதைக் கேட்டதில்லை. கொண்டையன் யோசித்தான்.

"சாப்பிட்டதும் வரும். சும்மா உக்காந்திருந்தா வரும். நரியைப் பாத்தா கட்டாயம் வரும்."

"அப்ப அதுவும் சிறுத்தைதான்! வந்த உடனே கத்துங்க. ஒரு தடவை கத்தினா பீடி, விடாம கத்தினா சிறுத்தை. நாங்க ஓடி வர்றோம்."

"வந்து என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். ஆசை போற வரைக்கும் கூட நிப்போம்."

மறுநாளே கூத்துத் தொடங்கியது. "கக்!" வாயில் பாதிப் புல்லோடு மான்கள் ஓடிவந்தன. "கக்!" மறுபடி ஓடிவந்தன. கொண்டையனுக்கு வியர்த்தது. கிளையைக் கடித்தான், வந்தவர்களையே வாய்க்கு வந்தபடி ஏசினான். யாரும் நகரவில்லை. கரடியார் மட்டும் புத்தி சொல்ல வாயைத் திறந்தார். "அந்த ஆசையை நீங்களும் கொஞ்சம் அடக்குங்க!" என்றாள் புள்ளியாள். கரடியார் வாயை மூடிக்கொண்டார்.

ஒருநாள் கொண்டையன் மரப்பொந்துக்குள் ஒளிந்து பாதிப் பீடி குடித்துவிட்டான். பிறகு வெட்கத்தோடு இறங்கி வந்து அவனே சொன்னான். "சரி, அடுத்த தடவை கூப்பிடுங்க" என்றாள் புள்ளியாள்.

கத்தும் தடவைகள் மெல்ல மெல்லக் குறைந்தன. இருமல் நின்றது. புகை விலகியதால் மான்களின் மூக்கும் தெளிந்தது.

இது நரிக்குப் பொறுக்குமா? ஒருநாள் பருத்த சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்து மரத்தடியில் நின்றது.

"அண்ணே, நீங்க விட்டது பீடியைத்தானே? இது சுருட்டு!"

கொண்டையனுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. கை தானாகக் கீழே நீண்டது. ஒன்றே ஒன்று, யாருக்குத் தெரியப் போகிறது? அந்த நேரம் பார்த்து சிட்டு நொண்டி நொண்டித் தண்ணீர் குடிக்கப் போவது கண்ணில் பட்டது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கத்தினான்.

"கக்!"

மான்கள் ஓடிவந்தன. முன்னால் வந்த புள்ளியாள் சட்டென்று நின்றாள். மூக்கை உயர்த்தினாள். காலால் தரையை ஓங்கித் தட்டினாள்.

"அண்ணே, நரி தனியா வரல!"

கொண்டையன் நிமிர்ந்து பார்த்தான். நரிக்குப் பின்னால் கோரைப்புல்லுக்குள் ஒரு வால் நுனி ஆடியது.

"கக்! கக்! கக்! கக்!"

மலை எதிரொலித்தது. சிட்டைத் தள்ளிக்கொண்டு மான்கள் வெட்டவெளிக்குப் பறந்தன. மறைந்திருந்த சிறுத்தை எழுந்து நின்றது. பசி, அவமானம், ஆத்திரம் எல்லாம் நரியின் மேல் திரும்பின.

"அவனுக்குக் குரலே வராதுன்னு சொன்னியேடா! அவனுக்குப் பீடி குடுக்கச் சொல்லி உனக்கு நான் போட்ட எலும்பெல்லாம் தண்டம்!"

நரி சுருட்டைக் கவ்வியபடியே ஓட்டம் பிடித்தது. சிறுத்தை பின்னாலேயே துரத்தியது. அதற்குப் பிறகு அந்தக் குளக்கரையில் நரியை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு, "அண்ணே, இப்பவாவது ஒரு விழா வைப்போமா?" என்று மயில் கேட்டது.

"ஐயோ வேணாம், பேசினா களைப்பு வரும்!" என்று கொண்டையன் அலறினான். பிறகு வழக்கமான கிளையில் உட்கார்ந்து கோரைப்புல்லைப் பார்க்கத் தொடங்கினான்.

கெட்ட பழக்கத்தை விட நினைப்பவன் ஊரைக் கூட்டிச் சபதம் போட்டால் போதாது. ஆசை வரும் நேரத்தில் வெட்கப்படாமல் துணையைக் கூப்பிட வேண்டும்.