குப்பாயி செய்த மூன்றாவது சாமான்

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பொடிசுகளே! கடலுக்கு உப்புப் போட்ட காலத்துக்குக் கொஞ்சம் பிந்தி, மருதங்காட்டை வீரகண்டன் என்ற ராசா ஆண்டுவந்தான்.

உடைந்த பொருள் ஒரு நாழிகைகூட அவன் அரண்மனையில் தங்கக் கூடாது. கால் ஆடினால் நாற்காலி போச்சு. காது கழன்றால் அண்டா போச்சு. பல் ஒடிந்தால் சீப்பு போச்சு. எல்லாம் மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் தொபுக்கடீர்!

அந்தப் பக்கத்தில்தான் குப்பாயியின் குடிசை. அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று, பிறந்த அன்றே அவளைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி அந்தப் பேரை வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் குப்பை என்றால் உயிர். ஓட்டை அண்டாவைத் தொட்டிலாக்குவாள். ஒடிந்த தொட்டிலைக் கோழிக்கூண்டாக்குவாள். கோழிக்கூண்டும் உடைந்துவிட்டால் அவளுக்கு இன்னும் குஷி!

ஒரு நாள் தமுக்குச் சத்தம் கேட்டது. பக்கத்து நாட்டு ராசா விருந்துக்கு வருகிறாராம். மதிலோரக் குப்பையை நான்காம் நாள் காலையில் குடிசையோடு சேர்த்துக் கொளுத்தப் போகிறார்களாம்.

குப்பாயி தலைதெறிக்க ஓடி ராசாவின் காலில் விழுந்தாள். "மகாராசா, அது குப்பையில்ல, என் சோறு! கொளுத்திடாதீங்க!"

ராசா சிங்காசனத்தில் இப்படி நெளிந்தான், அப்படி நெளிந்தான். "சரி, மூணு நாள் தர்றேன். அதிலேருந்து எனக்கு உபயோகமா ஒரே ஒரு சாமான் செஞ்சு கொண்டா. அப்புறம் பாக்கலாம்."

முதல் நாள், மூன்று நாற்காலிகளின் நல்ல கால்களைச் சேர்த்து ஒரு நாற்காலி செய்தாள். ராசா உட்கார்ந்தான். கண்ணை மூடிச் சாய்வுப் பலகையில் முதுகை இரண்டு தரம் தேய்த்தான். மந்திரி செருமியதும் சட்டென்று நிமிர்ந்தான். "எங்கிட்ட நாப்பது நாற்காலி இருக்கும்மா. போ!"

இரண்டாம் நாள், வண்டிச் சக்கரத்தில் பழைய முறங்களைக் கட்டி ஒரு விசிறி செய்தாள். நாலு சேவகர்கள் சுற்றினார்கள். அடடா, என்ன காற்று! ஓலைச் சுவடிகள் பறந்தன. புலவரின் மேல்துண்டு பறந்தது. மந்திரியின் மீசையும் பறந்தது! பசை போட்டு ஒட்டிய மீசை என்று அன்றுதான் ஊருக்கே தெரிந்தது. மந்திரி வாயைப் பொத்திக்கொண்டு, "கொளுத்துங்கள்! இன்றைக்கே கொளுத்துங்கள்!" என்று குதித்தார். ராசாவோ சிரிக்கக்கூட முடியாமல் நெளிந்தபடி, "இதுவும் வேணாம், நாளைக்கு வா, போ!" என்று விரட்டினான்.

குப்பாயி குப்பைமேட்டில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள். மூக்கைச் சிந்தும்போதுதான் ராசா முதுகைத் தேய்த்த தேய்ப்பு ஞாபகம் வந்தது. எருமை வேலிக்கல்லில் உரசுமே, அதே உரசல்!

"அடி மடச்சி! ரெண்டு நாளா குப்பையையே பாத்தியே, அந்த மனுசனைப் பாத்தியா?" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ராசாவின் சரிகை அங்கி முள்ளாய்க் குத்தும். ஆனால் சபையில் ராசா முதுகைச் சொறியக் கூடாது. அடுத்தவர் கையும் அவன்மேல் படக் கூடாது. பரம்பரை வழக்கம்! பாவம், அரிப்புத் தாங்காமல் பாதி வழக்கைக் கேட்கும்போதே "போ, போ!" என்று விரட்டிவிடுவான். ஜனங்கள் அதைக் கோபம் என்று நினைத்து நடுங்கினார்கள்.

மூன்றாம் நாள் குப்பாயி எடுத்த பொருள்கள் மூன்று. பல் ஒடிந்த தந்தச் சீப்பு ஒன்று, கிணற்று ராட்டினம் ஒன்று, நெசவுத் தறியில் காலால் மிதிக்கும் பலகை ஒன்று. ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் விட்டாள். சிங்காசனத்தின் சாய்வுப் பலகையில் சீப்பை மாட்டி, கயிற்றை ராட்டினத்தில் ஓட்டி, பலகையை ராசாவின் காலடியில் பட்டுத்துணிக்குக் கீழே ஒளித்தாள்.

"மிதிங்க, மகாராசா."

ராசா மிதித்தான். சீப்பு மேலே போனது. விட்டான். கீழே வந்தது. கீழே, மேலே, கீழே!

"ஆ… ஆகா… ஆகாகா! இன்னும் கொஞ்சம் இடப் பக்கம் தள்ளி வையம்மா!"

அன்றைக்கு ராசா பதினேழு வழக்குகளைக் கடைசி வார்த்தைவரை கேட்டான். பதினேழுக்கும் சிரித்த முகத்தோடு நியாயம் சொன்னான். தமுக்குக்காரனைக் கூப்பிட்டு, குப்பைமேட்டில் ஒரு துரும்பைக்கூட யாரும் தொடக் கூடாது என்று அறிவிக்கச் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் குப்பாயியின் குடிசை வாசலில் முக்காடு போட்ட ஆள் ஒருவர் நின்றார். மந்திரி! மீசை இல்லாத வாயால் மெல்லக் கேட்டார். "தாயே, எனக்கும் முதுகுதான். ஒண்ணு செஞ்சு தர்றியா?"

"முந்தாநேத்து கொளுத்தச் சொன்னீங்களே சாமி!" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, குப்பாயி சீப்புத் தேடப் போனாள்.

ஆகவே மக்களே, கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்று பார்த்தால், உடைந்த பொருளும் உதவும் பொருளாகும்.