ஒத்தக்கை நண்டும் இருட்டு மரமும்

“நானா? நானா விரட்டினேன்? இந்த ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு, ஒரு மரம் நிறைய இருந்த மின்மினியை நானா விரட்டினேன்? யாரு சொன்னது? இருட்டுல நின்னுக்கிட்டு குசுகுசுன்னு காதுல ஓதுற ஆளை முன்னாடி வரச் சொல்லுங்க!”

ஒரு காட்டுல, பிள்ளைகளா, ராத்திரி நேரத்துல ஒரு நண்டு இப்படிக் கத்திக்கிட்டிருந்துச்சு. நீங்க நினைக்கிற காடு இல்லை. ஆறு போய்க் கடல்ல சேர்ற இடத்துல, பாதி நேரம் தண்ணியிலயும் பாதி நேரம் சேத்துலயும் நிக்கிற அலையாத்திக் காடு.

அந்த நண்டுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெருசு. இன்னொண்ணு இருக்கிற இடமே தெரியாது. அதனால அதுக்குப் பேரு ஒத்தக்கை. வாய் மட்டும் நாலு நண்டுக்குச் சமம். ஒரு சுரபுன்னை மரத்தடியில அதோட வளை இருந்துச்சு. தினம் ராத்திரி அந்த மரம் முழுக்க மின்மினி வந்து மொய்க்கும். எல்லாம் சேர்ந்து மின்னும், சேர்ந்து அணையும். ஒத்தக்கை வளை வாசல்ல உட்கார்ந்து அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள போகும்.

இதைப் பார்க்கத்தான் அன்னைக்கு மேட்டுக் காட்டுலேர்ந்து விருந்தாளிங்க வந்திருந்தாங்க. ஒண்ணு காட்டுப்பன்னி. யாரு என்ன சொன்னாலும் நம்பிடும். இன்னொண்ணு மயில். தன் தோகையைத் தவிர எதையும் பார்க்காது. ரெண்டையும் கூட்டிக்கிட்டு வந்தது மரநாய். அது எதையும் சத்தமாப் பேசாது. ஒரு காது கிடைச்சா அதுக்குப் போதும்.

வந்து பார்த்தா மரம் கும்மிருட்டு. பேருக்குக்கூட ஒரு மின்மினி இல்லை.

மரநாய் எம்பிப் பன்னியோட காதுல ஏதோ சொல்லுச்சு. ஒரு கையால நண்டைக் காட்டுச்சு.

“அப்படியா சேதி!”ன்னு பன்னி உறுமுச்சு. “ஏய், நீ கொடுக்கை ஆட்டி ஆட்டி மின்மினியை விரட்டிட்டியாமே?”

அதுக்குத்தான் ஒத்தக்கை அந்தக் கத்துக் கத்துச்சு. கத்தி முடிச்சுட்டுச் சொல்லுச்சு:

“ஆட்டினேன். எங்க சேத்துல வணக்கம் சொல்றது அப்படித்தான். இப்ப உங்களைப் பார்த்துக்கூட ஆட்டினேனே, பயந்து பறந்தா போயிட்டீங்க?”

மயில் களுக்குன்னு சிரிச்சிடுச்சு. பன்னிக்கு மூஞ்சி சிவந்துபோச்சு.

மரநாய் மறுபடியும் காதுகிட்ட போச்சு.

“இவனுக்கு வாய்க்கொழுப்பு வேறயாம்,”ன்னு பன்னி சொல்லுச்சு. “வளையை மூடி இவனைத் துரத்தினாத்தான் மின்மினி திரும்பி வருமாம்.”

சொன்னதோட நிக்கலை. மூக்கால சேத்தைத் தள்ளி வளையை அடைக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஒத்தக்கை அப்பத்தான் தண்ணியைப் பார்த்துச்சு. கடல் தண்ணி ஏற ஆரம்பிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல மரத்தடி முழுகிடும். தண்ணி ஏறும்போது வளைக்குள்ள இல்லாத நண்டை மீனுங்க ஒரே வாயில முடிச்சிடும். ஆனாலும் அதோட வாய் மட்டும் நிக்கலை.

“விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேரா தண்டனையா? நல்லா இருக்கே உங்க நியாயம்!”

“சீக்கிரம் முடிங்கப்பா,”ன்னு மயில் சலிச்சுக்கிச்சு. “என் தோகை நனையுது. வர்ற வழியிலயாவது விளக்கு அழகா இருந்துச்சு. இங்க அதுவும் இல்லை.”

ஒத்தக்கையோட ரெண்டு கண்ணும் விருட்டுன்னு நிமிர்ந்துச்சு.

“விளக்கா? எங்க காட்டுலயா? யாரு வெச்சா?”

“மரநாய்தான். எங்களுக்கு வழி காட்ட, கரையில ஒதுங்கின கண்ணாடி பாட்டிலுக்குள்ள விளக்கை வெச்சு, வாயைக் களிமண்ணால அடைச்சு, வழி நெடுகத் தொங்கவிட்டிருக்கு. மொத்தம் பதினொண்ணு. பன்னிரண்டாவது அது கையிலயே இருக்கு பாரு.”

ஒத்தக்கை பார்த்துச்சு. நண்டைக் காட்டின கை முன்னாடி நீண்டிருந்துச்சு. இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி. அந்த முதுகுக்குப் பின்னாடி வெளிச்சம் வந்துச்சு, போச்சு. வந்துச்சு, போச்சு.

அந்தத் தாளம் ஒத்தக்கைக்குத் தெரியாதா? தினம் வாசல்ல உட்கார்ந்து பார்க்கிறதாச்சே!

“பன்னியண்ணே, உங்களுக்கு மூக்கு நல்ல மூக்கு. அந்த விளக்குல எண்ணெய் வாசனை அடிக்குதா?”

பன்னி உறிஞ்சிப் பார்த்துச்சு. “இல்லையே.”

“புகை?”

“அதுவும் இல்லை.”

“அப்புறம் ஏன் விட்டு விட்டு எரியுது?”

“காத்துல அப்படித்தான் எரியுமாம்.”

“வாய் அடைச்ச பாட்டிலுக்குள்ள காத்து எந்த வழியா போச்சு அண்ணே?”

பன்னி சேத்தைத் தள்ளுறதை நிறுத்திடுச்சு. அது யோசிக்கிற சத்தம் வெளியிலயே கேட்டுச்சு.

மரநாய் மெல்ல ஒரு அடி பின்னாடி வெச்சுச்சு. இன்னொரு அடி வெச்சுச்சு. அதோட வால் சரியா ஒத்தக்கை பக்கத்துல வந்து விழுந்துச்சு. விடுமா? அந்தப் பெரிய கொடுக்கால நறுக்குன்னு ஒரு கடி!

“ஐயோ!”

அன்னைக்கு ராத்திரி மரநாய் சத்தமாச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பாட்டில் கை நழுவி வேர்ல மோதி, பொளக்குன்னு சேத்துல விழுந்துச்சு. வாயை அடைச்சிருந்த களிமண் தெறிச்சுது. உள்ளேர்ந்து ஒரு மின்மினி எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியலை. எல்லாம் நேரா சுரபுன்னை மரத்துல போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கிட்டு, சேர்ந்து மின்னுச்சு.

மயிலுக்குத் தோகை நனையுறதே மறந்துபோச்சு.

பன்னி யாரு மூஞ்சியையும் பார்க்காம, அடைச்ச மண்ணைத் தன் மூக்காலயே தோண்டி எடுத்துச்சு. எடுத்து முடிச்சதும் மரநாயைத் திரும்பிப் பார்த்துச்சு. அந்த மரநாய்க்கு அப்பவும் புத்தி வரலை. எம்பி எம்பிக் காதைத் தேடிச்சு.

“காதுல இல்லை!”ன்னு ஒத்தக்கை வேர் மேல ஏறி நின்னு கத்துச்சு. தண்ணி வளை வாசலைத் தொட்டிருந்துச்சு. ஆனாலும் அது இறங்கலை. “வழியில இன்னும் பதினோரு பாட்டில் தொங்குது. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாயைத் திறந்து சொல்லுங்க மரநாயண்ணே. இந்த மரத்தை இருட்டாக்கினது நானா, நீங்களா?”

நீதி: ஒருத்தன் ஒரு கையால அடுத்தவனைக் காட்டினா, அவனோட இன்னொரு கையில என்ன இருக்குன்னு முதல்ல கேளு.